மியூனிக் ஓடுபாதையில் தொலைந்த வேகம்

பொருளும் எல்லையும்

பயணிகள் விமானப் போக்குவரத்தின் வரலாற்றில், விபத்து நடந்து முடிந்த பின்னும் அதன் காரணம் பற்றிய வழக்கு பல ஆண்டுகள் முடியாமல் நீண்ட நிகழ்வுகள் சில உண்டு. 1958ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ரீம் விமான நிலையத்தில், தரையைவிட்டு எழ முயன்ற பிரிட்டிஷ் ஐரோப்பிய விமான நிறுவனத்தின் 609ஆம் எண் விமானம் ஓடுபாதையைக் கடந்து சென்று நொறுங்கியது அத்தகைய நிகழ்வு. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் வீரர்கள் எண்மர் அதில் இறந்ததால், விளையாட்டுலகின் பெருந்துயராகவே அது பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அந்தத் துயரின் வரலாறு இவ்வுரையின் பொருள் அன்று. ஒரே நிகழ்வுக்கு ஜெர்மனியும் பிரிட்டனும் இரு வேறு காரணங்களைக் கண்டது எவ்வாறு, அவற்றுள் ஒன்று ஆய்வுக்கூடச் சோதனைகளால் வலுப்பெற்று உலக விமானப் போக்குவரத்தின் நடைமுறையில் இடம்பெற்றது எவ்வாறு என்பவற்றை ஆராய்வதே இதன் நோக்கம்.

இவ்வுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. விபத்துக்குப் பின் எஞ்சும் சான்றுகளுள் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது எளிதில் நம்பப்படுகிறது. உருகி மறைந்துவிடக்கூடியதும், குற்றம் சாட்டப்பட்டவரின் நினைவில் மட்டும் தங்கியிருப்பதும் எளிதில் ஒதுக்கப்படுகின்றன. மியூனிக்கில் முதல் வகையைச் சேர்ந்தது இறக்கைமேல் கிடந்த பனிக்கட்டி. இரண்டாம் வகையைச் சேர்ந்தவை ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறும், வேகமானியில் சில நொடிகள் தோன்றி மறைந்த ஓர் எண்ணும்.

விமானமும் அதன் எழுச்சியும்

விபத்துக்குள்ளானது ஏர்ஸ்பீட் நிறுவனம் வடிவமைத்த அம்பாசிடர் வகை விமானம். உடலின் மேற்பகுதியில் பொருத்தப்பட்ட இறக்கையும், மூன்று செங்குத்துத் துடுப்புகளைக் கொண்ட வாலும், மூக்கின் கீழ் ஒரு சக்கரத் தொகுதியும் இறக்கைகளின் கீழ் இரண்டுமாக மூன்று புள்ளிகளில் தரையைத் தொடும் அமைப்பும் இதன் அடையாளங்கள். இதன் இரு பிரிஸ்டல் சென்டாரஸ் எஞ்சின்களும் ஒவ்வொன்றும் பதினெட்டு சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய பிஸ்டன் எஞ்சின்களாகும். அவை காற்றாடி போன்ற பெரிய முன்விசிறிகளைச் சுழற்றி விமானத்தை முன்னோக்கி இழுத்தன. 1952இல் சேவைக்கு வந்த இவ்வகை விமானங்களைப் பிரிட்டிஷ் ஐரோப்பிய விமான நிறுவனம் 'எலிசபெத்தன்' என்ற பெயரால் அழைத்தது. ஜெட் யுகம் வாசலில் நின்ற காலத்தில், பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவை இவை.

ஒரு விமானம் எழுவதை நான்கு விசைகளின் கணக்காகச் சுருக்கிக் கூறலாம். எஞ்சின் தருவது உந்துவிசை; இறக்கையைச் சுற்றிப் பாயும் காற்று தருவது தூக்குவிசை; கீழே இழுப்பது எடை; ஓட்டத்தை எதிர்ப்பது பின்னிழுவிசை. தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், போதிய வேகம் வரும்வரை விமானம் தரையில் ஓடியே ஆக வேண்டும். ஓடுபாதையின் நீளம் எல்லைக்குட்பட்டது என்பதால், விமானிகள் இரண்டு வேகங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். முதலாவது முடிவெடுப்பு வேகம்: அதற்குள் கோளாறு தெரிந்தால் எஞ்சினைத் தணித்து நின்றுவிடலாம், அதைத் தாண்டிவிட்டால் நிற்பதற்கு இடம் போதாது என்பதால் எழுந்தே ஆக வேண்டும். இரண்டாவது, ஓர் எஞ்சின் செயலிழந்தாலும் ஆபத்தின்றி மேலேறிச் செல்வதற்குத் தேவையான வேகம். அன்றைய எடைக்கும் வானிலைக்கும் முதலாவது 117 நாட், இரண்டாவது 119 நாட். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்ற அளவு. ஆகவே இந்த இரு வேகங்களும் மணிக்கு ஏறத்தாழ 217, 220 கிலோமீட்டர் ஆகின்றன. இரண்டுக்கும் இடையே இருந்தது இரண்டே நாட் வேறுபாடு. அந்த இரண்டு நாட்டை அன்று விமானம் எட்டவேயில்லை.

1958 பிப்ரவரி 6

ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று சமன் செய்து, இரு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 5-4 என வென்ற அணி, மறுநாள் மான்செஸ்டர் திரும்பிக்கொண்டிருந்தது. பெல்கிரேடிலிருந்து மான்செஸ்டர் வரை நிற்காமல் பறப்பது அம்பாசிடருக்கு இயலாது என்பதால் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்க வேண்டியிருந்தது. விமானத்தில் பயணிகள் 38 பேரும் பணியாளர் 6 பேருமாக 44 பேர் இருந்தனர். கேப்டன் ஜேம்ஸ் தெய்ன் விமானத்தின் பொறுப்பாளர்; அவரோடு பறந்த கேப்டன் கென்னத் ரேமென்ட் திரும்பும் பயணத்தில் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து விமானத்தைச் செலுத்தினார். பொறுப்பாளர் இடப்பக்க இருக்கையில் அமர வேண்டும் என்ற நிறுவன விதிக்கு மாறான இந்த ஏற்பாடு விபத்துக்குக் காரணமாக அமையவில்லை என்றாலும், பின்னாளில் தெய்னுக்கு எதிராகப் பயன்பட்டது.

முதல் இரண்டு முயற்சிகளும் பாதி வழியில் கைவிடப்பட்டன. எஞ்சினுக்குள் செலுத்தப்படும் காற்றின் அழுத்தம் நிலையாக நில்லாமல் ஏறி இறங்குவதும், அதோடு எஞ்சினின் ஒலி சீரற்று மாறுவதும் இவ்வகை எஞ்சின்களில் அறியப்பட்ட கோளாறு. எரிபொருள் கலவை அளவுக்கு மீறிச் செறிவாகும்போது அது தோன்றும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருந்த மியூனிக் போன்ற நிலையங்களில் அது மிகுதி. பயணிகள் இறக்கப்பட்டுக் காத்திருப்புக் கூடத்துக்கு அனுப்பப்பட்டனர். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. எஞ்சின் விசையை மெதுவாகக் கூட்டினால் இக்கோளாற்றைத் தவிர்க்கலாம் என்ற முடிவுடன், அனைவரும் மீண்டும் ஏற்றப்பட்டு மூன்றாம் முயற்சி தொடங்கியது.

தெய்னின் சாட்சியத்தின்படி, வேகமானி 117ஐத் தொட்டது. அதன்பின் ஏற வேண்டிய முள் ஏறாமல் 112க்கும், பின்னர் 105க்கும் இறங்கியது. எஞ்சின்கள் முழு விசையில் இயங்கிக்கொண்டிருக்க, எழுவதற்கு இரண்டே நாட் குறைவாக இருந்த விமானம் பன்னிரண்டு நாட்டை இழந்தது. 1,908 மீட்டர் நீள ஓடுபாதை தீர்ந்தது. விமானம் வேலியை உடைத்துச் சாலையைக் கடந்தது; இடது இறக்கை ஒரு வீட்டின்மீது மோதிப் பெயர்ந்தது; உடலின் வலப்பக்கம் ஒரு மரக் கொட்டகையில் மோத, அங்கிருந்த எரிபொருள் ஏற்றிய வாகனம் வெடித்தது. 23 பேர் இறந்தனர். அவர்களுள் அணி வீரர் டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாட்களுக்குப் பின்னும், ரேமென்ட் சில வாரங்களுக்குப் பின்னும் மருத்துவமனையில் இறந்தவர்கள். உயிர்தப்பிய 21 பேருள் தெய்னும் ஒருவர்.

இறக்கையா, தரையா?

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்றுக்கொண்ட நெறிகளின்படி, விபத்து எந்த நாட்டு மண்ணில் நிகழ்ந்ததோ அந்த நாடே விசாரணையை நடத்துகிறது. ஆகவே விசாரணை ஜெர்மன் அதிகாரிகளின் கைக்கு வந்தது. விபத்து நடந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின் இரவில் களத்துக்கு வந்த ஆய்வாளர், இறக்கைமேல் படிந்திருந்த பனித்தூளை விலக்கிப் பார்த்தபோது, அதன் அடியில் உலோகத்தோடு ஒட்டியிருந்த பனிக்கட்டிப் படலத்தைக் கண்டார். இறக்கையின் மேற்பரப்பு கரடுமுரடானால் காற்றோட்டம் குலைந்து தூக்குவிசை பெரிதும் குறையும் என்பது விமானவியலின் அடிப்படை அறிவு. எனவே 1959இல் வெளிவந்த ஜெர்மன் அறிக்கை, இறக்கைப் பனிக்கட்டியே முதன்மைக் காரணம் என்று முடிவு கூறியது. புறப்படும் முன் இறக்கைகளைத் தூய்மைப்படுத்தாத கேப்டன்மீது பொறுப்பு விழுந்தது.

இம்முடிவின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் இருந்தன. ஆய்வாளர் கண்ட பனிக்கட்டி உண்மையானது. ஆனால் அது ஓட்டத்தின்போது இருந்ததா, அல்லது நொறுங்கிய விமானம் பனிப்பொழிவில் பல மணி நேரம் அசைவற்றுக் கிடந்தபோது உறைந்ததா என்பதை அதனைக் கண்ட நேரமே ஐயத்துக்கு உள்ளாக்கியது. உலோகம் குளிர்ந்தபின் அதன்மேல் விழும் ஈரப்பனி உறையும். ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் மேற்பரப்பு அதே நிலையில் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இறக்கையில் விழுந்த பனி உருகி வழிந்துகொண்டிருந்ததால் தூய்மைப்படுத்தத் தேவை எழவில்லை என்பதே தெய்னின் நிலைப்பாடு.

இதைவிட அடிப்படையான வினா வேகமானியில் இருந்தது. இறக்கைப் பனிக்கட்டி முதன்மையாகக் குறைப்பது தூக்குவிசையை. அது சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவதில்லை. எழ இயலாத விமானமும் உந்துவிசை இருக்கும்வரை தரையில் மேலும் விரைந்துகொண்டேதான் இருக்கும். மூக்கை உயர்த்திய நிலையில் எழ முடியாமல் ஓடும்போது காற்றின் எதிர்ப்பு கூடி வேகம் குறையலாம் என்று மறுவாதம் கூற இடமுண்டு. ஆயினும் தெய்ன் கூறிய இறக்கம், மேலேறும் வேகத்தை எட்டும் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே அந்த எண்களை நம்பினால் காரணத்தை இறக்கையில் தேடுவதைவிடத் தரையில் தேடுவதே முறையாகிறது.

அந்த எண்களை நம்புவதா என்பதே சிக்கல். பறப்புத் தரவுகளைப் பதிவு செய்யும் கருவி அவ்விமானத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டேவிட் வாரன் அத்தகைய பதிவுக் கருவியின் முன்மாதிரியை உருவாக்கியிருந்த காலம் அது; ஆனால் பயணிகள் விமானங்களில் அது இன்னும் கட்டாயமாகவில்லை. ரேமென்ட் இறந்துவிட்டார். வேகம் இறங்கியதற்கான தலையாய சாட்சி, பொறுப்பு யார்மீது சுமத்தப்பட்டதோ அவரே. மேலும், இறக்கையைக் காரணமாக ஏற்றால் பொறுப்பு கேப்டனுடையது. ஓடுபாதையைக் காரணமாக ஏற்றால் பொறுப்பு விமான நிலையத்தைப் பராமரித்தவர்களுடையது. விசாரணையின் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு தரப்பின் சுமை மறு தரப்புக்கு மாறும் என்ற நிலையில், கையில் கிடைத்த பனிக்கட்டி நினைவில் கிடைத்த எண்ணை வென்றது.

பனிச்சேறு செய்யும் வேலை

பனிச்சேறு என்பது பாதி உருகி நீரில் ஊறிய பனி. காலால் மிதித்தால் பொடியாக உதிராமல் தெறிக்கும் தன்மை கொண்டது. அதன் அடர்த்தி நீருக்குச் சற்றே குறைவு. உலர்ந்த பனியைச் சக்கரம் அமுக்கிக்கொண்டு போகலாம். பனிச்சேற்றையோ ஒதுக்கித் தள்ளியாக வேண்டும்.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சக்கரம், ஒரு சென்டிமீட்டர் ஆழப் பனிச்சேற்றில், நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 117 நாட் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோமானால், அது ஒவ்வொரு நொடியும் 180 லிட்டர் சேற்றை, கிட்டத்தட்ட ஒரு பெரிய பீப்பாயின் கொள்ளளவை, தன் பாதையிலிருந்து வீசியெறிய வேண்டியிருக்கும். வேகம் கூடினால் ஒரு நொடியில் எதிர்ப்படும் சேற்றின் அளவும் கூடும், அதை வீசவேண்டிய விரைவும் கூடும்; இரண்டும் பெருகுவதால் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மெதுவாக ஓடும்போது பொருட்படுத்தத் தேவையற்றதாகத் தோன்றும் சேறு, எழும் வேகத்தை நெருங்கும்போது எஞ்சினின் உந்துவிசையில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு விமானத்தின் அடிப்பகுதியில் மோதி மேலும் தடையைச் சேர்க்கிறது.

முந்தைய தலைமுறை விமானங்கள் முன்னே இரு பெரிய சக்கரங்களும் வாலில் ஒரு சிறு சக்கரமும் கொண்டவை. ஓட்டத்தின் தொடக்கத்திலேயே வால் உயர்ந்துவிடும். அம்பாசிடர் போன்ற மூக்குச்சக்கர விமானங்களிலோ மூன்றாவது சக்கரத் தொகுதியும் நெடுநேரம் சேற்றை உழுகிறது. பழைய விமானங்களில் பெற்ற பட்டறிவைக் கொண்டு 'சிறிது பனிச்சேறு ஒன்றும் செய்யாது' என்று எண்ணுவதற்கு அக்காலத்தில் இடமிருந்தது என்பதையும், அந்த எண்ணம் புதிய விமானங்களுக்குப் பொருந்தாமற் போனது என்பதையும் இங்குக் கருத வேண்டும். முதல் இரு முயற்சிகளும் பாதியில் நின்றதால், ஓடுபாதையின் கடைக்கோடியில் இருந்த சேற்றை அவ்விமானத்தின் சக்கரங்கள் அதற்குமுன் கலைத்திருக்கவில்லை. மூன்றாம் முறை, மிக உயர்ந்த வேகத்தில், கலையாத சேற்றுக்குள் அது முதன்முறையாக நுழைந்தது.

பதினோர் ஆண்டுகள்

எட்கர் ஃபே தலைமையில் 1960இல் பிரிட்டனில் அமைந்த குழு, இறக்கைகளில் பனியில்லை என்பதைக் கேப்டன் போதிய அளவு உறுதிசெய்துகொள்ளவில்லை என்று கருதியது. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் தெய்னைப் பணிநீக்கம் செய்தது. அவர் மீண்டும் பயணிகள் விமானம் ஓட்டவில்லை. ஆனால் தரையைப் பற்றிய அறிவு அதே ஆண்டுகளில் வேகமாக வளர்ந்தது. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1961இல் கான்வேர் 880 ஜெட் விமானத்தைப் பனிச்சேற்றில் ஓட்டித் தடையை அளந்தனர். பிரிட்டனின் அரச விமான ஆய்வு நிறுவனம், விபத்துக்குள்ளான அதே அம்பாசிடர் வகை விமானத்தையே சேற்றில் ஓட்டி அளவெடுத்தது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வால்டர் ஹார்னும் அவருடன் பணிபுரிந்தோரும், குறிப்பிட்ட வேகத்துக்குமேல் சக்கரம் தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின்மேல் மிதந்து ஓடும் நிகழ்வை ஆராய்ந்து, அந்த வேகத்துக்கு எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தனர்: சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் கணக்கில் விடை கிடைக்கும். அழுத்தம் 81 பவுண்டானால் மிதப்பு தொடங்கும் வேகமும் 81 நாட். அந்நிலையில் பிரேக் பயனற்றுப் போகிறது. ஆகவே சேறு படர்ந்த பாதை எழுவதைத் தடுப்பதோடு நிற்பதையும் தடுக்கிறது. முடிவெடுப்பு வேகம் என்ற கணக்கின் இரு கால்களையும் அது ஒருசேர முறிக்கிறது.

1965இல் ஜெர்மனி விசாரணையை மீண்டும் திறந்தது. பனிச்சேற்றுக்குத் துணைக் காரணம் என்ற இடத்தை அளித்து, இறக்கைப் பனிக்கட்டியை முதன்மை இடத்திலேயே வைத்துக்கொண்டது. பிரிட்டனில் ஃபே தலைமையில் மீண்டும் அமைந்த குழு, விபத்து நடந்த சிறிது நேரத்துக்குள் இறக்கையருகே சென்றவர்களின் சாட்சியத்தையும், புறப்படும் முன் விமானத்தைக் காட்டிய ஒளிப்படத்தின் தெளிவான படிகளையும், சேற்றுத் தடை பற்றிய புதிய அளவீடுகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. 1969 ஜூனில் வெளியான அதன் அறிக்கை, பனிச்சேறே விபத்துக்குக் காரணம் என்றும், பழியைத் தெய்ன்மீது சுமத்த இயலாது என்றும் முடிவு கூறியது. ஜெர்மன் முடிவு அதனால் திருத்தப்படவில்லை. தெய்ன் 1975இல் காலமானார்.

இங்குக் கவனிக்கத்தக்கது, ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே தலைவர் இரு வேறு முடிவுகளுக்கு வந்தது. முதற்குழுவின் முன் வைக்கப்பட்ட கேள்வி கேப்டன் தம் கடமையைச் செய்தாரா என்பது. இரண்டாம் குழு எதிர்கொண்ட கேள்வி விமானத்தைத் தடுத்தது எது என்பது. முதல் கேள்விக்கு ஒழுங்குமுறை நூல்கள் போதும். இரண்டாவதற்குச் சோதனை ஓட்டங்கள் வேண்டும். கேள்வி மாறியபோது சான்றின் எடையும் மாறியது. வேகமானி இறங்கியதாக ஒரு தனிமனிதர் கூறிவந்த கூற்று, அளவீடுகள் வந்தபின் இயற்பியல் எதிர்பார்க்கும் விளைவாகவே அமைந்துவிட்டது.

நடைமுறையில் பதிந்த பாடம்

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நிகழாமல் தடுப்பதே, பழியையோ சட்டப் பொறுப்பையோ ஒதுக்குவது அன்று என்ற நெறி இன்று சர்வதேச விதிகளில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. மியூனிக் மட்டுமே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். எனினும் பழியைத் தேடும் விசாரணை காரணத்தை எவ்வாறு தவறவிடக்கூடும் என்பதற்கு மியூனிக்கைப் போன்ற எடுத்துக்காட்டு அரிது. பனிச்சேற்றின் ஆழத்துக்கு வரம்பு வகுத்து, அதற்கு மேற்பட்டால் விமானங்கள் எழக்கூடாது என்ற நடைமுறையும் இந்த ஆராய்ச்சிகளின் வழியே உருவானது.

அதன் வளர்ச்சி இக்காலம்வரை வந்துள்ளது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய அறிக்கை முறையின்படி, விமான நிலையப் பணியாளர்கள் ஓடுபாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிலையையும் 6 முதல் 0 வரையுள்ள குறியெண்ணால் அறிவிக்க வேண்டும். உலர்ந்த பாதைக்கு 6. வெறும் ஈரத்துக்கு 5. 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் பனிச்சேறு இருந்தால் குறியெண் ஒரேயடியாக 2க்கு இறங்குகிறது.

இந்த அட்டவணையில் ஐரோப்பியக் குளிர்காலத்துக்கும் வெப்ப நாடுகளுக்கும் ஒரு பொதுவரி உண்டு. மழைநீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கிய பாதைக்கும் குறியெண் 2தான். சக்கரம் வீசியெறிய வேண்டியது பாதி உருகிய பனியா, முழுக்க உருகிய நீரா என்பதில் இயக்க விதிகளுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. வடகிழக்குப் பருவமழையில் நனையும் சென்னை ஓடுபாதைக்கும் பனி பொழியும் மியூனிக் ஓடுபாதைக்கும் இன்று ஒரே அளவுகோல் வைக்கப்படுகிறது.

நிறைவுரை

தொட்டறியக்கூடிய சான்று பொய்யானதாக இருக்க வேண்டியதில்லை. அது வேறொரு வேளைக்கு உரியதாக இருக்கலாம். மியூனிக் இறக்கைப் பனிக்கட்டி இரவின் சான்று. கேட்கப்பட்ட கேள்வியோ பிற்பகலின் கேள்வி. பிற்பகலுக்கு உரிய சான்றுகளான சேறும் வேகமும் எவராலும் அளந்து எழுதப்படாததால், அவற்றைச் சோதனைச்சாலையில் மறுபடியும் உருவாக்கிக் காட்ட ஆண்டுகள் பல தேவைப்பட்டன. இன்று விமானம் எழுவதற்கு முன்பே ஓடுபாதையின் ஈரம் மில்லிமீட்டரில் அளக்கப்பட்டு விமானியின் கைக்குச் சென்றுவிடுகிறது. ஓட்டத்தின் ஒவ்வொரு நொடி வேகமும் பதிவுக் கருவியில் எழுதப்பட்டுவிடுகிறது. 117 என்ற எண் 105ஆக இறங்கியதைத் தாம் கண்டதாகப் பதினோர் ஆண்டுகள் ஒருவர் தனியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய நிலை, இவ்விரண்டும் இருக்கும் இடத்தில் எழாது.